குழுச் செயற்பாட்டில் ஒரு பிள்ளை மட்டுமே வேலை செய்கிறது. மற்றவர்களை எப்படி ஈடுபடுத்துவது?

வினா: தரம் 4 வகுப்பாசிரியை, வலிகாமம்

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணம், வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் தரம் 4 கற்பிக்கிறேன். வகுப்பில் 35 பிள்ளைகள் இருக்கிறார்கள். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்தில் நிழலைப் பற்றிக் கற்பிப்பதற்காகச் சென்ற வாரம் அவர்களை ஏழு ஏழு பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மீற்றர் நீளமான தடியும் அளவுநாடாவும் கொடுத்து, மணிக்கு ஒருமுறை நிழலை அளந்து எழுதும்படி சொன்னேன். ஐந்து குழுக்களிலும் ஒன்றேதான் நடந்தது. கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று அளந்தது. பக்கத்தில் நின்ற பிள்ளை எழுதியது. மற்ற ஐவரும் வேப்பமரத்தடியில் பழம் பொறுக்கினார்கள். பிறகு வகுப்பில் கேள்வி கேட்டபோது, "அவவுக்குத்தான் தெரியும் ரீச்சர்" என்று அளந்த பிள்ளையைக் காட்டினார்கள்.

அடுத்த நாள் இரண்டு தாய்மார் வந்து, கொப்பியில் ஒன்றுமே எழுதப்படவில்லை என்றும், அடுத்த ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சை வருகிறது என்றும் கவலையோடு சொன்னார்கள். அவர்களுடைய கவலையை என்னால் தள்ளிவிட முடியவில்லை. செய்து கற்பதில் எனக்கு உறுதியான நம்பிக்கை உண்டு. ஆனால் ஏழு பேரில் ஒருவர்தான் கற்றார் என்றால், கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தாலே கூடுதலான பிள்ளைகள் கற்றிருப்பார்களோ என்று எண்ணத் தோன்றுகிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற ஆரம்பக் கல்வி ஆசிரியர், வடமராட்சி

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். பிழை பிள்ளைகளிடத்தில் இல்லை. ஒரு தடியை நட்டு அதன் நிழலை அளப்பதற்கு ஏழு பேர் தேவையில்லை என்பதைப் பிள்ளைகள் நம்மைவிட விரைவாகக் கண்டுபிடித்துவிடுவார்கள். வேலை ஒருவருக்கு உரியதாக இருக்க, குழு மட்டும் ஏழு பேருடையதாக இருந்தது. தரம் 4இல் நால்வருக்கு மேற்பட்ட குழுவை நான் ஒருபோதும் அமைத்ததில்லை. உங்கள் வகுப்பில் எட்டுக் குழுக்களில் நால்வரும் ஒன்றில் மூவரும் வருவார்கள்.

இனி அந்த நிழல் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். எல்லோருக்கும் ஒரே நீளமான தடி கொடுத்தபடியால் எந்தக் குழுவுக்கும் மற்றக் குழுவின் அளவு தேவைப்படவில்லை. 25, 50, 75, 100 சென்ரிமீற்றர் என்று வெவ்வேறு நீளத் தடிகளைக் கொடுத்து, ஒரே நேரத்தில் அளந்து, எல்லா அளவுகளையும் கரும்பலகையில் ஒரே அட்டவணையில் எழுதச் செய்யுங்கள். தடி பாதியானால் நிழலும் பாதியாகிறது என்பதை எந்தக் குழுவாலும் தனித்து நின்று காண முடியாது. ஒன்பது குழுக்களின் அளவும் சேர்ந்தால்தான் அது தெரியும். ஒரே நீளத் தடி இரண்டு குழுக்களுக்குப் போவதும் நன்மையே. அவர்களுடைய அளவுகள் வேறுபட்டால், தடியைச் சரித்து நட்டது யார் என்ற விசாரணையைப் பிள்ளைகளே தொடங்குவார்கள். குழுவுக்குள் ஒருவர் தடியை நேராகப் பிடிக்க, ஒருவர் நிழலின் நுனியை வெண்கட்டியால் குறிக்க, ஒருவர் அளக்க, ஒருவர் எழுத வேண்டும். அடுத்த அளவுக்கு வேலைகள் கைமாற வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் இந்தப் பாடத்துக்கு ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது, அதை நாம் பயன்படுத்துவதே இல்லை. தையில் (ஜனவரி) நண்பகலில் நிழல் வடக்கே விழும். ஒரு மீற்றர் தடிக்கு ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் வரும். ஆனியில் சூரியன் நமக்கு வடக்கே நிற்பதால் நிழல் தெற்கே விழும், 24 சென்ரிமீற்றர் அளவில். சித்திரை (ஏப்ரல்) நடுப்பகுதியிலும் ஆவணி (ஓகஸ்ட்) கடைசியிலும் சூரியன் உச்சிக்கு நேரே வருவதால் நண்பகலில் தடிக்கு நிழலே இராது. நமக்கு நண்பகல் மணிக்கூட்டில் 12 காட்டும்போது வருவதில்லை, சராசரியாகப் பத்து நிமிடம் பிந்தி வரும். குறுகிய நிழலைத் தேடி அளந்தால் பிள்ளைகள் அதையும் கண்டுபிடிப்பார்கள்.

சேர்ந்து கற்றல் என்பது அருகருகே இருத்துவது மட்டுமல்ல என்பதை அமெரிக்காவில் எலியட் அரன்சன் என்ற உளவியலாளர் 1971இல் செய்து காட்டினார். டெக்சஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரில், அதுவரை நிறத்தால் பிரிக்கப்பட்டுப் படித்த பிள்ளைகள் ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டபோது பகையும் போட்டியும் மிகுந்திருந்தன. அவர் ஒரு பாடத்தைப் பல துண்டாக்கி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டை மட்டும் கொடுத்து, அதை மற்றவர்களுக்குக் கற்பிக்கும் பொறுப்பையும் கொடுத்தார். இன்னொரு பிள்ளை வாய் திறந்தால்தான் பாடம் முழுமையாகும் என்ற நிலை வந்தது. நான் கிணற்றைப் பற்றிய பாடத்தில் இதைச் செய்தேன். வற்றாத ஆறு நமக்கு இல்லை, மழைநீர்தான் நிலத்துக்குள் இறங்குகிறது என்பது ஒரு பிள்ளையின் துண்டு. அந்த நீரைச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளும் துளைகளும் தாங்கி வைத்திருக்கின்றன என்பது இன்னொன்று. நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது, அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு உவராகும் என்பது மூன்றாவது. தோட்டத்து உரமும் மலசலகூடக் குழியும் அந்த நீருக்கு என்ன செய்கின்றன என்பது நான்காவது. வழக்கமாக வாய் திறவாத பிள்ளையிடம் மூன்றாவது துண்டைக் கொடுத்துப் பாருங்கள். மற்ற மூவரும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

பெற்றாரிடம் ஒன்றைச் சொல்லலாம். 1999இல் தரம் 1இல் நாடு முழுவதும் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமே விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என மூன்று வழிகளைச் சொன்னது; தரம் 3, 4இல் மூன்றுக்கும் சமமான இடம் கொடுத்தது. ஆகவே மேசை வேலையையும் விட்டுவிடாதீர்கள். செயற்பாடு முடிந்தவுடன் பத்து நிமிடம், ஒவ்வொரு பிள்ளையும் தனியே, தான் கண்டதைச் சொந்த வசனத்தில் எழுத வேண்டும். விளக்கம் கேட்பதற்கு நான் சீட்டெடுத்தே பெயர் கூப்பிடுவேன். யாருடைய பெயர் வரும் என்று எனக்கே தெரியாதபோது, குழுவில் உள்ள எல்லோரும் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

மறுமொழி 2: ஒரு தந்தை, தோட்டக்காரர், வலிகாமம் கிழக்கு

கொப்பி வெறுமையாக இருக்கிறது என்று நானும் ஒருகாலம் மகளின் ஆசிரியையிடம் போய்க் கேட்டவன். என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்று எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. தவணைத் தொடக்கத்தில் ஒரு கடிதம் வந்திருந்தாலே போதும். பின்னர் ஒருநாள் மகள் வந்து நம்முடைய வெங்காயத் தோட்டத்தைக் கயிற்றால் அளந்து, 16 பரப்பு ஓர் ஏக்கர் என்றால் இது ஏக்கரில் எத்தனையில் ஒரு பங்கு என்று என்னையே கேட்டாள். நான் விரலை மடக்கி எண்ணித்தான் விடை சொன்னேன். ரீச்சர், பிள்ளைகளைத் தோட்டத்துக்குக் கூட்டி வர விரும்பினால் எங்களைப் போன்றவர்களிடம் கேளுங்கள். மருந்தடித்த நாளைத் தவிர எந்த நாளும் சம்மதம்.

மறுமொழி 3: பல்தர வகுப்பு ஆசிரியர், தீவகம்

முதல் மறுமொழியில் ஐயா சொன்னதில் பெரும்பாலானவற்றுடன் உடன்படுகிறேன். ஆயினும் வேலைகளை ஆசிரியரே பங்கிட்டுக் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. தரம் 3, 4, 5 மூன்றையும் ஒரே கூடத்தில் வைத்துக் கற்பிக்கிறேன், மொத்தம் 14 பிள்ளைகள். முதலில் நானே பங்கிட்டேன். எழுதுவதற்கு நியமிக்கப்பட்டவர் தடியைத் தொடவும் மறுத்தார், "அது என்ரை வேலை இல்லை சேர்" என்றார். இப்போது வேலைகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, யார் எதைச் செய்வது என்பதைக் குழுவே தீர்மானிக்க ஐந்து நிமிடம் கொடுக்கிறேன். அந்த ஐந்து நிமிடச் சச்சரவும் பாடத்தின் ஒரு பகுதிதான்.

எங்களுடைய நீண்ட செயற்பாடு பனம்பாத்தி, அதாவது பனம்விதையைப் புதைத்துக் கிழங்கு எடுக்கும் பாத்தி. பனம்பழக் காலத்தில் ஒவ்வொரு பிள்ளையும் பழம் கொண்டு வர, ஒரு பழத்தில் ஒரு விதையா, இரண்டா, மூன்றா என்று தரம் 3 எண்ணும்; தரம் 4 அதை நிரல் வரைபாக வரையும்; தரம் 5 பாத்தியின் நீள அகலத்தைக் கணித்து வரிசைகளைத் திட்டமிடும். தையில் கிழங்கு கிண்டும்போது ஒவ்வொரு கிழங்கையும் அளந்து எழுதுகிறோம். முளைத்த விதையைப் பிளந்து உள்ளே இருக்கும் வெண்மையான பூரானை எடுக்கும்போது, முளை தன் உணவை எங்கிருந்து பெற்றது என்று நான் விளக்க வேண்டியதே இல்லை. கிழங்கு அவிக்க ஒரு பிள்ளையின் அம்மம்மா வந்தார். நாங்கள் அதுவரை பாத்தியில் விட்ட பிழை எல்லாவற்றையும் அவர்தான் எடுத்துச் சொன்னார். தரம் 5 பிள்ளைகள் அதைக் குறித்துக்கொண்டார்கள். அதற்கு அடுத்த ஆண்டுப் பாத்தி அந்தக் குறிப்பின்படியே போடப்பட்டது.

வினா எழுப்பிய ஆசிரியை

மூவருக்கும் மனம் நிறைந்த நன்றி. ஆனி இரண்டாம் வாரத்தில் பாடத்தைத் திரும்பச் செய்தேன். வேலைகளைப் பிள்ளைகளே பங்கிட்டார்கள், தடிகள் நான்கு நீளங்களில் இருந்தன. 100, 50 சென்ரிமீற்றர் தடிகளுக்கு நிழல் 24, 12 என்று வந்தது. 25 சென்ரிமீற்றர்த் தடி வைத்திருந்த இரண்டு குழுக்களில் ஒன்றுக்கு 6 வந்தது, மற்றதற்கு 9. ஐயா சொன்ன விசாரணை நடந்தது. தடிக்குப் பக்கத்தில் நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, தடி சரிந்திருப்பதைக் கண்டுபிடித்தவர், முன்பு வேப்பம்பழம் பொறுக்கிய பிள்ளைகளில் ஒருவர்.

நிழல் தெற்கே விழுந்ததை வகுப்பில் பாதிப் பேர் நம்பவில்லை, திசைகாட்டி பழுதாகிவிட்டது என்றார்கள். நிழலின் நுனியைச் சீமெந்து நிலத்தில் வர்ணத்தால் குறித்து வைத்திருக்கிறோம். தையில் இவர்கள் தரம் 5க்குப் போயிருப்பார்கள். அந்த ஆசிரியையிடம் ஒரு பாடவேளை கேட்டு அதே இடத்துக்கு அழைத்து வருவேன். பெற்றாருக்குக் கடிதமும் அனுப்பினேன், நால்வர் தோட்டம் காட்டச் சம்மதித்திருக்கிறார்கள்.

ஒரு கேள்வி மிஞ்சியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மாரிமழை தொடங்கிவிட்டால் முற்றத்தில் கால் வைக்க முடியாது. அந்த வாரங்களில் என்ன செய்கிறீர்கள்?

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆசிரியர், வடமராட்சி

மழையையே அளக்கச் சொல்லுங்கள். பக்கங்கள் நேரான பால்மா ரின் ஒன்றைக் கூரைக்கும் மரத்துக்கும் எட்ட, வெட்டவெளியில் வைத்து, தினமும் காலையில் அதே நேரத்தில் உள்ளே நிற்கும் தண்ணீரின் ஆழத்தை மில்லிமீற்றரில் அளந்து, பிறகு ரின்னை வெறுமையாக்கி வைத்தால், ஒவ்வொரு நாளும் அளப்பதே முந்திய நாளின் மழைவீழ்ச்சி. பிள்ளைகள் தத்தம் வீட்டிலும் ஒவ்வொரு ரின் வைக்கட்டும். ஒரே ஊரில் இரண்டு வீடுகளில் ஒரே மழை ஏன் வேறு வேறு அளவில் பெய்தது என்று கேட்டுக்கொண்டு வகுப்புக்கு வருவார்கள்.