பழைய கைத்துப்பாக்கியின் பூட்டை நம்பலாமா?

உவர்மலை இளையவன்:
வெளிநாட்டில் இருக்கும் என் தாய்மாமா அனுமதிப்பத்திரத்துடன் பழைய கைத்துப்பாக்கிகளைச் சேர்க்கிறார். ஜெர்மன் லூகர், 1873ஆம் ஆண்டு மாதிரிக் கோல்ட் ரிவோல்வர், இரண்டாம் உலகப் போர்க்கால ஸ்மித் அன்ட் வெஸன் விக்டரி ஆகிய மூன்றும் அவரிடம் உண்டு. லூகருக்குள் ரவை இருந்தாலும், தவறி வெடிக்காமல் தடுக்கும் பூட்டைப் போட்டுவிட்டால் கவலையில்லை என்கிறார். நானும் அவர் பக்கமே. இரண்டு உலகப் போர்களைக் கண்ட பொருளை இன்று ஏன் சந்தேகிக்க வேண்டும்?

பழைய இரும்பு:
தம்பி, மாமாவிடம் இன்றே பேசுங்கள். இத்தனை காலம் உழைத்தது என்பதுதான் என் அச்சத்துக்கே காரணம். லூகரின் இடப்பக்கத்தில் பின்னால் ஒரு சிறு நெம்புகோல் உண்டு. அதைப் பூட்டிய நிலைக்குத் தள்ளினால், விசை அசைக்க வேண்டிய தடுப்புத் தண்டு நகராமல் பிடிக்கப்படுகிறது. ரவையின் பின்புறத்தைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியை அந்தப் பூட்டு தொடுவதே இல்லை. ஊசி வில்லின் அழுத்தத்தோடு பாயத் தயாராக நிற்கிறது. அதைத் தாங்குவது அந்தத் தண்டின் சிறு விளிம்பு மட்டுமே. விளிம்பு தேய்ந்திருந்தால் நெம்புகோல் எங்கே இருந்து என்ன பயன்?

கோணேசர் கரை:
அண்ணா, எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. கோல்ட் 1873இல் தனிப் பூட்டே கிடையாது. ரவையை வெடிக்கவைக்க அடிக்கும் பின்பக்கச் சுத்தியலைச் சற்று இழுத்தால் ஒரு காடியில், அதாவது சிறு வெட்டுப் பள்ளத்தில், நிற்கும், அவ்வளவுதான். சுத்தியல் மேல் அடிபட்டால் அந்தக் காடி உடையலாம் என்பதால், ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்பிச் சுத்தியலை வெற்று அறைமேல் இறக்கி வைக்கும் வழக்கம் வந்தது. ஆனால் ஐவர் ஜான்சன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ரிவோல்வரில் விசையை இழுத்தால்தான் ஒரு தகடு மேலெழுந்து சுத்தியலின் அடியை ஊசிக்குக் கடத்தும். சுத்தியலைச் சுத்தியலாலேயே அடித்துப் பாருங்கள் என்று விளம்பரம் செய்தார்கள். அதுவும் பழைய பொருள்தானே? அமைப்பை அறிந்தவர் எதை நம்பலாம் என்பதையும் அறிவார்.

பழைய இரும்பு:
அறிந்தவர்களே ஏமாந்த கதை விக்டரியுடையது. திருகோணமலை போன்ற துறைமுக ஊரில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். 1944இல் ஒரு கப்பலின் எஃகுத் தளத்தில் அந்த ரிவோல்வர் கீழே விழுந்து வெடித்தது. அமெரிக்கக் கடற்படை வீரர் ஒருவர் இறந்தார். சுத்தியலைத் தடுக்கும் பாகம் உள்ளே இருந்தது. கெட்டியாகிப்போன மசகினால் அது தன் இடத்துக்கு வரவில்லை என்பார்கள். போர்க்களத்துக்கென்று தயாரித்த, கடற்படை ஏற்றுக்கொண்ட கருவி அது. அலுமாரியில் பல பத்தாண்டுகள் கிடந்த ஒன்றின் உள்ளே மசகு என்ன நிலையில் இருக்கும்?

உவர்மலை இளையவன்:
அதன்பின் திருத்தினார்கள் அல்லவா? மாமாவுடையது பிந்திய தயாரிப்பாக இருந்தால்?

பழைய இரும்பு:
திருத்தினார்கள். விசையோடு சேர்ந்து இயங்கும் புதிய தடுப்பை வைத்தார்கள். தொடர் இலக்கத்தின் முன் 'வி' மட்டும் இருந்தால் பழைய அமைப்பு. 'எஸ்' சேர்ந்திருந்தால் புதியது. ஆனாலும் இடையில் யாரேனும் பக்கத் தகட்டைக் கழற்றி அந்தப் பாகத்தை மீண்டும் பொருத்தாமல் விட்டிருந்தால், வெளியிலுள்ள இலக்கம் அதைச் சொல்லாது. தேர்ந்த துப்பாக்கித் தொழிலாளி திறந்து பார்க்கட்டும்.

நிலாவெளி ஆசிரியை:
ரவைக்கூட்டைக் கழற்றிவிட்டால் லூகர் காலி என்று பலர் நினைக்கிறார்கள். குழாயின் பின்முனையிலுள்ள அறையில் ஒரு ரவை தங்கியிருக்கலாம். அப்போது மேலே உள்ள இழுப்பான் சற்று உயர்ந்து 'கெலாடன்' (ரவை நிரப்பப்பட்டுள்ளது) என்ற ஜெர்மன் எழுத்தைக் காட்டும். அந்த எழுத்தை மட்டும் நம்பாமல் அறையைத் திறந்து கண்ணாலும் விரலாலும் பாருங்கள். அறையில் ரவையோடு குழாய்ப் பகுதியைச் சட்டத்திலிருந்து பிரித்தாலும் ஆபத்து தீராது. பக்கவாட்டில் வெளியே தெரியும் அந்தத் தடுப்புத் தண்டு அழுந்தினால் வெடிக்கும். இங்கே பழைய வீட்டுப் பெட்டியில் இப்படி ஒன்று கிடைத்தால் பூட்டைச் சோதிக்கவே வேண்டாம். தொடாமல் பொலிஸாருக்கு அறிவியுங்கள். அனுமதிப்பத்திரமின்றி வைத்திருப்பதும் குற்றம்.

கோணேசர் கரை:
காலியாக வைப்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் பயத்தில் குழாயை அடைத்து ஒட்டுவதை ஒருபோதும் ஏற்கமாட்டேன். அது வரலாற்றை அழிப்பது. ஊசியைக் கழற்றி வேறு பெட்டியில் வைத்தால் போதும். பூட்டு வேலை செய்கிறதா என்று வெறும் துப்பாக்கியின் விசையைத் திரும்பத் திரும்ப இழுப்பதும் தவறு. லூகரின் பழைய ஊசி அப்படித்தான் முறியும்.

பழைய இரும்பு:
ஊசியைக் கழற்றுவதற்கு என் முழு ஆதரவு. அதைச் செய்யும் கை முதலில் அறையைத் திறந்து பார்க்கட்டும். இளையவனே, மாமா என்ன சொன்னார் என்று இங்கே எழுதுங்கள்.