சம்பளமே இல்லாத ஊரில் நிம்மதி இருந்ததா?

கணக்குப்பிள்ளை:
எல்லாரும் சமமாக இருந்தால் சந்தோஷமாக இருப்பார்களா என்று கற்பனையில் சண்டை போடுவானேன்? வாழ்ந்து பார்த்தவர்களே இருக்கிறார்கள். 1910இல், இன்றைய இஸ்ரேலில், கலிலேயக் கடலோரம் டெகானியாவில் முதல் கிப்புட்ஸ் எழுந்தது. கிப்புட்ஸ் என்றால் சொத்தும் உழைப்பும் பொதுவாக இருக்கும் யூதக் கூட்டுக் குடியிருப்பு. சம்பளம் கிடையாது. எல்லாருக்கும் ஒரே சாப்பாட்டுக் கூடம். ஆரம்பத்தில் சட்டைகூடப் பொதுதான். சலவையிலிருந்து அளவு பார்த்து ஏதோ ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். 2007இல் அந்த டெகானியாவே ஆளுக்கேற்ற சம்பளத்துக்கு மாறிவிட்டது. கதை முடிந்தது.

செம்மண்:
97 வருஷம் ஓடியிருக்கிறது அண்ணே! நம் ஊரில் ஒரு கூட்டுக் குடும்பம் இரண்டு தலைமுறை தாண்டினாலே அதிசயம். 1980களில் பணவீக்கமும் கடன் வட்டியும் சேர்ந்து கிப்புட்ஸ்களின் கழுத்தை நெரித்தன. அதற்கு மனித சுபாவத்தைக் குறை சொன்னால் எப்படி?

கணக்குப்பிள்ளை:
கடனுக்கு முன்பே பிள்ளைகள் விஷயம் வந்துவிட்டதே. பெரும்பாலான கிப்புட்ஸ்களில் குழந்தைகள் பெற்றோரோடு தூங்கவில்லை, அவர்களுக்குத் தனி வீடு. சாயங்காலம் சில மணி நேரம் அப்பா அம்மாவோடு இருக்கலாம். அப்புறம் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். நடுராத்திரி பிள்ளை பயந்து அழுதால் வந்து பார்ப்பது அன்றைய இரவு முறைக்காரி, அம்மா இல்லை. அறையில் தனியாக ஒரு தேநீர்க் கெட்டில் வைத்துக்கொள்ளலாமா என்றுகூட விவாதித்தவர்கள் அவர்கள். கெட்டிலை விடுங்கள், பிள்ளையை எப்படிப் பொதுவில் வைப்பது?

செம்மண்:
அது கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் கூட்டம் போட்டு, ஓட்டெடுத்து, 1990களின் முடிவுக்குள் அந்த வழக்கத்தையே எடுத்துவிட்டார்களே. தப்பைத் தானே திருத்திக்கொண்ட ஊர் தோற்றுவிட்டது என்றால் எந்த ஊர் ஜெயித்தது? பிடிக்காதவர்கள் வெளியேறவும் கதவு திறந்தே இருந்தது, போனவர்களும் நிறையப் பேர்.

வெளியாள்:
இரண்டு பேரும் உறுப்பினர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். சில கிப்புட்ஸ்கள் 1948 போரில் காலியான பாலஸ்தீனக் கிராமங்களின் நிலத்தில் எழுந்தவை. தொழிற்சாலைகளில் கூலிக்கு வந்தவர்களுக்கும், இன்று தோட்டங்களில் பாடுபடும் தாய்லாந்துக்காரர்களுக்கும் அந்தக் கூட்டங்களில் ஓட்டு உண்டா? உள்ளே இருந்தவர்களின் சந்தோஷத்தை மட்டும் அளந்தால் போதுமா?

செம்மண்:
நிலத்தைப் பற்றி நீங்கள் சொல்வதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. கூலி ஆள் வைப்பது கொள்கைக்கே விரோதம் என்று அவர்களுக்கும் தெரியும். 1950களில், புதிதாக வந்திறங்கியவர்களுக்கு வேலை கொடுங்கள் என்று அரசு நெருக்கியது. என்ன செய்வார்கள்?

வெளியாள்:
சரி, கொடுத்தார்கள். சம்பளமே கிடையாது என்ற ஊர், சம்பளம் கொடுக்கும் முதலாளி ஆனது அன்றைக்குத்தான். நீங்கள் 2007 என்கிறீர்கள்.