உதவித்தொகை வந்த அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடும் பிலிப்பைன்ஸ் அறைத்தோழி: நான் கேட்டது தப்பா?

செண்டாய் மாணவி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஜப்பானில், செண்டாயில் முதுகலை படிக்கிறேன். விடுதியில் ஆளுக்கொரு சின்ன அறை, சமையலறையும் குளியலறையும் இரண்டு பேருக்குப் பொது. என்னோடு இருப்பவர் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர், பானாய் தீவில் இலோயிலோ பக்கம் ஊர். என்னைவிட மூன்று வயது பெரியவர். இரண்டு பேருக்கும் ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகைதான், மாதம் 1,44,000 யென். மாதாமாதம் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் அந்தப் பணம் வரும், அதனால் இரண்டு பேரும் சேர்ந்தே போய் வருவோம்.

பணம் கணக்கில் ஏறிய அன்று சாயங்காலமே அவர் பாதிக்குப் பக்கத்தில் ஊருக்கு அனுப்பிவிடுகிறார். சமையலறை மேசையில் ஒரு சின்ன நோட்டு வைத்து எழுதுவார், தம்பி கல்லூரிக் கட்டணம், பாட்டி மருந்து, கரண்ட் பில், சித்தி மகள் வாங்கிய கடன். அதற்கப்புறம் மாதக் கடைசி வாரம் வந்தால் ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் சூப்பர் மார்க்கெட்டுக்குக் கிளம்புவார், சாப்பாட்டுப் பெட்டிகள் மேல் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டும் நேரம் அது. அப்படி வயிற்றைக் கட்டுகிறவர் அறை மூலையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வைத்திருக்கிறார். வாராவாரம் சோப்பு, சாக்லேட், டப்பா மீன், துண்டு, தம்பிக்கு ஷூ என்று ஏதாவது ஒன்று அதற்குள் போகும். வீட்டில் கூப்பிட்டால் எப்போதும் ஒரே பதில், 'ஓகே லாங் ஆக்கோ', அதாவது நான் நல்லாத்தான் இருக்கேன். ஆனால் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே அழுகிற சத்தம் எனக்கு இரண்டு தடவை கேட்டிருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் தாங்கமுடியாமல் நேராகவே கேட்டுவிட்டேன். இது நீ படிக்கக் கொடுத்த பணம், இதை ஏன் அனுப்புகிறாய், அவர்கள் உன்னைப் பிழிகிறார்கள் என்று உனக்குத் தெரியவில்லையா என்று. அவர் சிரித்தார், 'ஓகே லாங்' என்றார், தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார். அன்றிலிருந்து மரியாதையாகத்தான் பேசுகிறார், ஆனால் சேர்ந்து சாப்பிட வருவதில்லை. நான் கேட்டது அக்கறையில்தான். எங்கே தப்புச் செய்தேன், இதை எப்படிச் சரிசெய்வது? பிலிப்பைன்ஸ் மக்களோடு பழகியவர்கள் சொல்லுங்கள்.

பழைய மணிலாக்காரன் எழுதியது:

மணிலா பக்கம் மக்காத்தியில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன், அதனால் கொஞ்சம் சொல்லலாம் என்று நினைக்கிறேன். தங்கச்சி, நீங்கள் கேட்டது தப்பில்லை, கேட்ட விதத்தில்தான் கோளாறு. அங்கே முகத்துக்கு நேராக ஒருவரின் வீட்டுக் கணக்கைக் கேட்டால் அவர் பதில் சொல்லமாட்டார், சிரிப்பார். 'ஹியா' என்று ஒரு வார்த்தை உண்டு, கூச்சம், மானம் இரண்டும் கலந்தது. உங்கள் அறைத்தோழி சிரித்தாரே, அது இந்த ஹியா. கோபமாக இருக்க வாய்ப்புக் குறைவு.

இன்னொன்று 'உத்தாங் நா லோஒப்'. உள்மனசின் கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மை வளர்த்தவர், கஷ்டத்தில் கைகொடுத்தவர், படிக்க வைத்தவர், இவர்களுக்கு நாம் கடன்பட்டிருப்பது, பணத்தைக் கொடுத்துத் தீர்க்க முடியாதது. அதிலும் மூத்த பிள்ளை என்றால் 'பாங்கனாய்' என்று தனிப் பெயரே உண்டு, தம்பி தங்கை படிப்பு தன் தலையில் என்று யாரும் சொல்லாமலே எடுத்துக்கொள்வார்கள். உங்கள் தோழி மூத்தவரா என்று எழுதவில்லை, ஆனால் அந்த நோட்டைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

இதில் அவர் வீட்டாரை மட்டும் குறை சொல்லக்கூடாது. 1974-இல் அதிபர் மார்கோஸ் காலத்துத் தொழிலாளர் சட்டம் ஆட்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புவதை அரசாங்கத்தின் திட்டமாகவே ஆக்கியது. ஐம்பது வருடமாக ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் வெளியே இருக்கிறார். 2023-இல் மட்டும் இப்படி வெளியிலிருந்து நாட்டுக்குள் வந்த பணம் 3,700 கோடி டாலருக்கு மேல். அதனால் 'அப்ராட்' என்ற சொல்லைக் கேட்டதும் அங்கே எல்லோர் மனதிலும் வருவது சம்பளம்தான். கப்பலில் போனாலும் அப்ராட், ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாலும் அப்ராட், ஆராய்ச்சி படிக்கப் போனாலும் அதே அப்ராட். உதவித்தொகை வேறு, சம்பளம் வேறு என்று வீட்டில் உட்கார்ந்து விளக்குவது அவ்வளவு சுலபமில்லை, விளக்கினால் அது பணம் தர மனசில்லாமல் சொல்கிற சாக்கு மாதிரிக் கேட்கும். என் அலுவலகத்தில் ஒரு பையன் ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போனான், விமானம் ஏறிய மறுநாளே சொந்தக்காரர்கள் மெசெஞ்சரில் கடன் கேட்டார்கள்.

இன்னொரு சுமையும் உண்டு, அதை அவர்களே அதிகம் பேசமாட்டார்கள். 1956-இலிருந்து அவர்களுடைய தேசிய வீரர் ஹோசே ரிசாலின் வாழ்க்கையும் எழுத்தும் பள்ளி, கல்லூரிகளில் கட்டாயப் பாடம். ரிசால் 1882-இல் அப்பா அம்மாவுக்குச் சொல்லாமல் ஸ்பெயினுக்குப் படிக்கக் கப்பல் ஏறியவர். விஷயம் தெரிந்த அண்ணன் பாசியானோதான் ஊரிலிருந்து பணம் அனுப்பினார். மாட்ரிட்டில் மருத்துவம், அப்புறம் பாரிஸ், ஹைடல்பர்க்கில் கண் மருத்துவம், பிற்பாடு சொந்த அம்மாவின் கண்ணுக்கே அறுவைச் சிகிச்சை செய்தார். இதைப் படித்து வளர்ந்த பிள்ளைக்கு வெளிநாட்டுப் படிப்பு தன் சொந்த விஷயமாக ஒருநாளும் தெரியாது. ஆனால் ஒன்று பாருங்கள், ரிசாலுக்குப் பணம் வீட்டிலிருந்து போனது, உங்கள் தோழிக்கு இங்கிருந்து வீட்டுக்குப் போகிறது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு கனக்கிறது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் கலாச்சாரம் என்று சொல்லிப் பட்டினியை நியாயப்படுத்த வேண்டாம். அந்தப் பெண் உடம்பு கெட்டுப் படுத்தால் நோட்டில் எழுதியிருக்கும் எல்லோருக்கும்தான் பணம் நிற்கும். மாதம் இவ்வளவுதான் என்று ஒரே தொகையை முடிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள், கேட்கக் கேட்கக் கொடுத்தால் அதற்கு முடிவே கிடையாது. பகுதிநேர வேலைக்குப் போகிறாரா என்றும் பாருங்கள். ஜப்பானில் மாணவர்கள் அனுமதி வாங்கினால் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை செய்யலாம், நீண்ட விடுமுறையில் நாளுக்கு 8 மணி நேரம். அதைத் தாண்டினால் விசாவுக்கே ஆபத்து. வீட்டுக்கு இன்னும் கொஞ்சம் அனுப்பலாமே என்று இரண்டு கடையில் வேலை எடுத்துக் கணக்குத் தவறியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

டாவோ டாக்டர் எழுதியது:

நான் இதையே மறுபக்கமாக இருந்து பார்த்தவள், பிலிப்பைன்ஸில், டாவோ நகரில் மருத்துவம் படித்தேன். அங்கே போன முதல் வாரம் யாரையும் தெரியாது, ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு அம்மா சோறும் கருவாடும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், கடந்து போன என்னைப் பார்த்து 'காயின் தாயோ' என்றார், வா சாப்பிடலாம் என்று. முன்பின் தெரியாதவரிடமும் அதைச் சொல்லாமல் சாப்பிடமாட்டார்கள். அதனால் உங்கள் தோழி தனியாகச் சாப்பிடுகிறார் என்று படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. அது அவர்களுக்கு எவ்வளவு கஷ்டமான விஷயம் தெரியுமா.

சமாதானம் பேசப் போகாதீர்கள். சமையுங்கள். சினிகாங் என்று ஒரு புளிக்குழம்பு, பன்றிக்கறி அல்லது இறால் போட்டு, நிறையக் காய் போட்டு, மசாலா எதுவும் இல்லாமல் புளிப்பு மட்டும் தூக்கலாக இருக்கும், ரசத்துக்குப் பக்கத்து வீடு என்று சொல்லலாம். உங்களிடம் புளி இருக்கும்தானே, எனக்குச் செய்யத் தெரியாது, சொல்லிக்கொடு என்று கேளுங்கள். உதவி வாங்கிக்கொள்ளக் கூசுகிறவர்கள்தான், ஆனால் உதவி கேட்டால் ஓடி வருவார்கள்.

அப்புறம் பெரியவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறீர்களா? அங்கே அது ஒரு மாதிரி இருக்கும். பொதுவாக அக்காவுக்கு 'ஆத்தே', அண்ணனுக்கு 'கூயா', இலோயிலோ பக்கம் அக்காவை 'மனாங்' என்பார்கள். ஒருதடவை மனாங் என்று கூப்பிட்டுப் பாருங்கள். வார்த்தைகள்கூட நமக்கு ரொம்பத் தூரமில்லை, அவர்களுடைய டகாலோக் மொழியில் முகத்துக்கு 'முக்கா', நம்பிக்கைக்கு 'ஆசா', ஆசிரியருக்கு 'கூரோ', மாம்பழத்துக்கு 'மங்கா'. முதல் வருடம் இந்த நாலு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் பேசவே ஆரம்பித்தேன்.

சுகுபா பழைய மாணவன் எழுதியது:

ஜப்பானில், சுகுபாவில் என் ஆய்வுக்கூடத்தில் பிலிப்பைன்ஸின் சியார்காவோ தீவிலிருந்து ஒரு பையன் இருந்தான், பக்கத்துப் பக்கத்து மேசை. 2021 டிசம்பர் 16-ஆம் தேதி ஒடெட் புயல் முதலில் கரையேறியது அவன் தீவில்தான். அன்று மத்தியானம் அம்மாவிடமிருந்து ஒரு செய்தி, காற்று பலமாக இருக்கிறது, பள்ளிக்கூடத்துக்குப் போகிறோம் என்று. அதோடு தொடர்பு அறுந்தது. டவர் எல்லாம் விழுந்துவிட்டது, விமான நிலையமும் சேதம், கிளம்பிப் போனாலும் தீவுக்குப் போய்ச்சேர வழியில்லை.

ஐந்து நாள். ஐந்து நாளும் காலையில் ஒன்பது மணிக்கு ஆய்வுக்கூடத்துக்கு வந்து, மாதிரிகளை எடுத்து, அளந்து, எழுதி வைத்தான். போனைத் திரையைக் கீழே கவிழ்த்து வைக்காமல் மேலே தெரிகிற மாதிரி வைத்திருப்பான், அது ஒன்றுதான் வித்தியாசம். பேராசிரியர் வீட்டுக்குப் போய் ஓய்வெடு என்றார், இங்கேயே இருக்கிறேன் என்றான். ஆறாவது நாள் சித்தப்பா ஒருவர் படகில் அக்கரைக்குப் போய் சிக்னல் கிடைத்த இடத்திலிருந்து எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று அனுப்பியிருந்தார். அதைப் படித்துவிட்டுத்தான் மேசையில் தலையைச் சாய்த்து அழுதான். வீட்டுக் கூரை போயிருந்தது. அந்த மாதப் பணம் முழுவதும் தகரத்துக்கும் மரத்துக்கும் போனது, நாங்கள் நாலு பேர் மாறி மாறி அவனுக்கு மதியச் சாப்பாடு கொண்டு வந்தோம், கூடுதலாகச் சமைத்துவிட்டேன், வீணாகிவிடும் என்று சொல்லித்தான் கொடுக்க முடிந்தது. கணக்குப்பிள்ளை அவர்களே, நீங்கள் சொல்கிற ஒரே தொகை நல்ல யோசனைதான், சாதாரண மாதத்துக்கு.

பிறகு ஒருநாள் அவன் சொன்னது எனக்கு மறக்கவில்லை. பணம் அனுப்பும் நாள்தான் மாதத்திலேயே அவன் நிம்மதியாகத் தூங்கும் நாளாம். தூங்க முடியாதது மற்ற நாட்களில், சோதனை சரியாக வரவில்லை, ஆய்வேடு ஒரு வருடம் தள்ளிப்போகும் என்பதை வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாமல். ஊருக்கே அவன் ஜெயித்தவன், தோற்கிற வாய்ப்பு அவனுக்கு இல்லை.

அவன் ஊரில் பட்டம் படித்தது அந்நாட்டு அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் உதவித்தொகையில், படித்த வருடங்களுக்குச் சமமாக நாட்டிலேயே வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். இங்கே ஒரு நிறுவனம் வேலை தரத் தயாராக இருந்தும் திரும்பிப் போனான். இப்போது அங்கே மிண்டனாவோ தீவில் பாடம் நடத்துகிறான்.

செண்டாய் மாணவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டாக்டர் அக்கா சொன்ன மாதிரியே புளியைக் கரைத்து வைத்துவிட்டு மனாங் என்று கூப்பிட்டேன். கதவைத் திறந்து, யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டுச் சிரித்தார், இது வேறு சிரிப்பு. இறால் போட்டு சினிகாங் செய்தோம், கையால் சாப்பிட்டோம்.

நான் எதுவும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். அவருடைய அம்மா பதினெட்டு வருடமாக ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்கிறார். இவருக்கு எட்டு வயதாக இருக்கும்போது போனவர். அங்கே ஒப்பந்தம் இரண்டு இரண்டு வருடமாகப் போடுவார்கள், அம்மா ஒன்பது தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் விடுமுறை, சென்ட்ரல் பகுதியில் நடைபாதையில் அட்டை விரித்துத் தோழிகளோடு உட்கார்ந்துகொண்டு பிள்ளைகளைக் கூப்பிடுவாராம். தம்பி படிப்பை இவர் எடுத்துக்கொண்டால் அம்மா பத்தாவது கையெழுத்துப் போட வேண்டாம், வருகிற பிப்ரவரியில் வீட்டுக்கு வந்துவிடலாம். அந்த நோட்டில் இருந்த கணக்கு இதற்குத்தான். நான் பிழிகிறார்கள் என்று சொன்னது அம்மாவைச் சொன்ன மாதிரி அவருக்குக் கேட்டிருக்கிறது. மன்னிப்புக் கேட்டேன். உனக்குத் தெரியாதே என்றார். பகுதிநேர வேலை எதுவும் இல்லையாம், கடைசி வாரச் சாப்பாட்டை இனிமேல் சேர்ந்து சமைப்பது என்று பேசி வைத்திருக்கிறோம்.

பெட்டியைப் பற்றியும் சொன்னார். சின்ன வயதில் அம்மா அனுப்பும் பெட்டியைத் திறந்தால் சோப்பும் சாக்லேட்டும் கலந்து ஒரு வாசனை வருமாம், தம்பி முகத்தை உள்ளே விட்டுக்கொள்வானாம், அம்மா வாசனை அதுதான் என்று இரண்டு பேரும் ரொம்ப நாள் நினைத்திருந்தார்களாம்.

கப்பலில் போவதால் கிறிஸ்துமஸுக்குள் சேர வேண்டும் என்றால் இந்த மாதமே அனுப்ப வேண்டும். நேற்று ராத்திரி நான் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன், அவர் டேப் ஒட்டினார். ஒட்டுவதற்கு முன்னால் ஓரத்தில் ஒரு கை அளவு இடம் இருக்கிறது, உன்னிடம் ஏதாவது உண்டா என்று கேட்டார். என்னிடம் பிரிக்காத சந்தன சோப்பு இரண்டு இருந்தது, கொடுத்தேன்.