சஸ்பென்ஷனை மாற்றாத பிக்கப்புக்குப் பெரிய ஆல் டெர்ரைன் டயர்: எந்த அளவு வரை போகலாம்?

கேள்வி

என் நான்கு சக்கர இயக்கப் பிக்கப்பில் நிறுவனம் பொருத்திக் கொடுத்த 265/65 ஆர் 17 டயர்கள் (அகலம் 265 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 65 விழுக்காடு, ரிம் விட்டம் 17 அங்குலம்) தேய்ந்துவிட்டன. சஸ்பென்ஷனையும் ரிம்மையும் இதுவரை தொட்டதில்லை. இனியும் தொடுவதாக இல்லை. ஓட்டத்தில் பெரும்பகுதி தார்ச்சாலைதான் என்றாலும், சரளைக்கல் பாதையிலும் மழைக்காலச் சேற்றிலும் அடிக்கடி போக வேண்டியிருக்கிறது. சில வேளைகளில் பின்புறம் அரை டன் சுமையும் ஏறும். ஆகவே தார்ச்சாலைக்கும் கரடுமுரடான பாதைக்கும் பொதுவான ஆல் டெர்ரைன் டயருக்கு மாறும்போதே அளவையும் சற்றுக் கூட்டலாம் என்று எண்ணுகிறேன். 265/70 ஆர் 17, 285/70 ஆர் 17 ஆகிய இரண்டில் எது எங்கும் உரசாமல் பொருந்தும்? பெரிய டயருக்குப் போவதால் நான் இழப்பது என்ன?

முதல் பதில்

265/70 வரை போங்கள், அதோடு நின்றுவிடுங்கள். காரணத்தைக் கணக்கே சொல்லிவிடும். இப்போதுள்ள டயரின் விட்டம் ஏறத்தாழ 776 மி.மீ., 265/70-இன் விட்டம் 803 மி.மீ., 285/70-இன் விட்டம் 831 மி.மீ. அதாவது முதலாவது 3.4 விழுக்காடும், இரண்டாவது 7 விழுக்காடும் பெரியவை. தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் இடையே கூடும் இடைவெளியோ விட்ட வேறுபாட்டில் பாதிதான்: 13 மி.மீ. அல்லது 27 மி.மீ.

டயர் பெரிதானால் ஸ்பீடோமீட்டர் முன்பைவிடக் குறைத்துக் காட்டும். அது உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது பல நாடுகள் ஏற்றுள்ள ஐ.நா. 39-ஆம் விதி. அதனால் நிறுவனங்கள் அதைச் சற்றுக் கூட்டியே காட்டும்படி அமைக்கின்றன. 3.4 விழுக்காடு பெரும்பாலும் அந்த உபரிக்குள் அடங்கிவிடும். 7 விழுக்காடு அடங்கும் என்று நம்பி ஓட்ட முடியாது. இழுவையும் குறையும். உங்கள் வண்டியின் இறுதி கியர் விகிதம் (சக்கரம் ஒருமுறை சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பது) 3.9 என்று வைத்துக்கொண்டால், 285/70 டயரோடு அது 3.64 போலத்தான் வேலை செய்யும். சுமையோடு மேடு ஏறும்போது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மேலும் கீழுமாக மாறித் தவிப்பதற்கு அதுவே போதும். பிரேக் பிடிக்கும் தூரமும் கூட வாய்ப்புண்டு.

உரசல் நேராக ஓடும்போது தெரியாது. ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துப் பின்னால் எடுக்கும்போதும், ஒரு முன்சக்கரம் மேட்டில் ஏறி சஸ்பென்ஷன் அமுங்கும்போதும்தான் வெளிப்படும். ஆகவே ஒரு முன்சக்கரத்தைச் சரிவுப் பலகையின்மேல் ஏற்றி நிறுத்தி, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுவதும் திருப்பி, சக்கரக்கூட்டின் பின்கீழ் மூலை, மட்ஃப்ளாப், பம்பரின் உள்மூலை, உட்புறத்தில் மேல் கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் மேல் கை) ஆகிய இடங்களில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். இதில் பலர் ஏமாறுவது ஓரிடத்தில்தான்: வண்டியில் இருப்பது தேய்ந்த டயர். டயரின் பட்டன் (தரையைத் தொடும் மேற்பரப்பின் கட்டிகள்) 8 மி.மீ. தேய்ந்திருந்தால் விட்டத்தில் 16 மி.மீ. ஏற்கெனவே போய்விட்டது. இன்று விரல் நுழையும் இடத்தில் நாளை புது டயர் நிற்கும்.

இரண்டாம் பதில்

285/70 போட்டு ஓட்டுவோர் பலர் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் விசாரித்துப் பார்த்தால், மட்ஃப்ளாப்பைக் கழற்றியிருப்பார்கள், உள்பிளாஸ்டிக்கைச் சூடாக்கித் தள்ளியிருப்பார்கள், இல்லையேல் ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியோடு பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம்) குறைந்த ரிம்முக்கு மாறியிருப்பார்கள். ஆஃப்செட் குறையும்போது உட்புற உரசல் தீர்ந்தாலும், சக்கரம் வெளித்தள்ளி நிற்பதால் பம்பர் மூலையில் புதிய உரசல் தொடங்கும். எதையும் மாற்றுவதில்லை என்ற உங்கள் நிபந்தனைக்கு இவை ஒத்துவரா.

ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம். பின்தட்டின் அடியில் இருக்கும் இடத்துக்குள் 285 ஏறுமா என்பதே ஐயம். பழைய சிறிய டயரையே ஸ்டெப்னியாக வைத்துக்கொண்டால், நடு டிஃபரென்ஷியல் (முன்அச்சும் பின்அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் அமைப்பு) இல்லாத வண்டியில் நான்கு சக்கர இயக்கத்தைப் போடும்போது விட்ட வேறுபாடு, இரு அச்சுகளுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸை முறுக்கும். எந்த அளவானாலும் ஐந்து டயராக வாங்குங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. 265/70 என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் அதே அளவில் லோட் இண்டெக்ஸ் (ஒரு டயர் தாங்கும் உச்ச எடையைக் குறிக்கும் எண்) 115 உள்ள சாதாரண வகையும், 121 என்று போட்ட எல்.டி. (லைட் டிரக்) வகையும் இருக்கின்றன. சுமை ஏற்றுபவருக்கு எல்.டி.தான் சரி என்று கடைக்காரர் உறுதியாகச் சொல்கிறார். அது தேவையா?

மூன்றாம் பதில்

எண்ணை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரிபோலவே தோன்றும்: 115 என்பது 1,215 கிலோ, 121 என்பது 1,450 கிலோ. ஆனால் அந்த 1,450 கிலோ, டயரில் 80 பி.எஸ்.ஐ. காற்று இருக்கும்போது மட்டுமே கிடைக்கும். கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள அழுத்தத்தையே எல்.டி. டயருக்கும் அடித்தால், அது சாதாரண டயரைவிடக் குறைவாகவே தாங்கும்; ஆகவே தயாரிப்பாளரின் சுமை அட்டவணையைப் பார்த்து அழுத்தத்தைக் கூட்ட வேண்டியிருக்கும். சுமையில்லாத நாள்களில் வண்டி குதிக்கும். டயரின் எடை கூடுவதால் எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும்.

உங்கள் பழைய டயரின் இண்டெக்ஸ் 112, அதாவது 1,120 கிலோ, என்றே நினைக்கிறேன். பக்கச்சுவரில் ஒருமுறை சரிபாருங்கள். அரை டன் சுமை முழுவதும் பின்அச்சில் விழுந்தாலும் ஒரு டயருக்குக் கூடுவது 250 கிலோ. 115 இண்டெக்ஸ் உள்ள இரு டயர்கள் சேர்ந்து 2,430 கிலோ தாங்கும். வண்டியின் தகட்டில் பின்அச்சுக்கு எழுதியிருக்கும் உச்ச எடையோடு இதை ஒப்பிட்டால் முடிவு உங்களுக்கே தெரிந்துவிடும். கூரிய பாறைகளின்மேல் காற்றைக் குறைத்து ஓட்டுபவருக்குத்தான் எல்.டி.யின் தடித்த பக்கச்சுவர் பயன்படும். சரளைக்கும் சேற்றுக்கும் 115 போதும்.

கடையில் ஐந்தையும் மாட்டுவதற்கு முன், ஒன்றை மட்டும் முன்சக்கரத்தில் பொருத்தி, ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். ரிம்மில் ஏற்றாத டயரைத் திரும்ப எடுத்துக்கொள்ள எந்தக் கடைக்காரரும் அவ்வளவாகத் தயங்க மாட்டார்.