விடுதி அறைக்காகப் பவானி வரை போய்வந்தோம்

கோவையில் ஒரு கல்லூரியில் முதலாமாண்டு சேர்ந்த என் மகளுக்கு விடுதி அறை கிடைத்ததும், பிளாஸ்டிக் அலமாரி, ஒட்டுப்படம், விளக்குச் சரம் என்று சொந்தபந்தங்கள் ஆளுக்கொரு பட்டியல் கொடுத்தார்கள். விடுதி விதிகளிலோ, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, எதையும் ஒட்டக் கூடாது என்று தெளிவாக எழுதியிருந்தது. சுவரைத் தொடாமல் ஓர் அறைக்குக் களை கொடுக்கத் துணியால்தான் முடியும்; கொங்கு நாட்டில் துணிக்கா பஞ்சம் என்று இருவரும் பவானிக்குப் புறப்பட்டோம்.

அங்கே தறிக்குழியில் கால் மிதித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், நாங்கள் நிறத்தைப் பற்றிப் பேச்செடுக்கும் முன்பே, “ஏனுங் அம்மிணி, கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவால எத்தனை அடி இருக்குதுங்க?” என்று மகளிடம் கேட்டார். அவள் அளந்து குறித்துவைத்திருந்த தாளை வாங்கிப் பார்த்தவர், கதவு திறக்கும் பக்கம் ஓரடி விட்டே விரிக்க வேண்டும், இல்லையென்றால் கதவு உரசி ஓரத்து முடிச்சுகள் அவிழ்ந்துவிடும் என்றார். பிறகு சிவப்பும் பச்சையுமாகப் பட்டைபோட்ட ஜமக்காளம் ஒன்றை விரித்து, அப்படியே புரட்டிக் காட்டினார். இரு பக்கமும் ஒரே முகம். ஒரு பக்கம் அழுக்கானால் மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். துவைக்க வசதி குறைந்த விடுதிக்கு இதைவிடப் பொருத்தமான விரிப்பை நான் பார்த்ததில்லை.

பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடு பெற்றது. ஜமக்காளத்தைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. அப்படியிருந்தும் விசைத்தறிச் சரக்கு அதே பெயரில் விற்கப்படுவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. ஆகவே, இயன்றவர்கள் நெசவாளரிடமோ கைத்தறிக் கூட்டுறவுச் சங்கத்திலோ நேரில் வாங்குங்கள்.

படுக்கை விரிப்பைச் சென்னிமலையில் எடுத்தோம். திரைச்சீலைக்குத்தான் சற்று யோசிக்க வேண்டியிருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று, மேற்குப் பார்த்த சன்னலில் மெல்லிய துணியை நிற்கவே விடாது. கரூரில் நெய்த கனத்த பருத்தித் துணியை வாங்கி, கீழ்மடிப்புக்குள் நாடா கோத்து, அதன் இரு முனைகளையும் சன்னல் கம்பியில் கட்டிவிட்டோம். இப்போது காற்று வருகிறது, திரை பறப்பதில்லை.

அறைத்தோழியும் அதே பட்டைநிறத்தில் ஜமக்காளம் கேட்டிருக்கிறாள். அவள் கட்டில் பக்கத்து அளவையும் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.