இரவு டியூட்டியில் டாக்டரிடம் எப்படிச் சொன்னால் காதில் விழும்?

இரவுவார்டு எழுதியது:

அறுவை சிகிச்சை வார்டில் இரண்டு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். போன மாதம் நடந்த ஒரு விஷயம் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது, அதனால் இங்கே கேட்கிறேன்.

இடுப்பு மூட்டு மாற்று அறுவை முடிந்து மூன்றாம் நாளில் இருந்த ஒரு அம்மா. சாயங்காலம் நிமிடத்துக்கு மூச்சு 18. நள்ளிரவில் 22. இரண்டு மணிக்கு 26 ஆகிவிட்டது, ஆக்சிஜன் அளவு 97லிருந்து 93க்கு இறங்கியிருந்தது, நாடித்துடிப்பு 112. காய்ச்சல் இல்லை, பிரஷரும் ஒழுங்காகவே இருந்தது. டியூட்டி டாக்டருக்கு போன் செய்து "டாக்டர், பேஷண்ட் கொஞ்சம் சரியில்லை, மூச்சு வாங்குறாங்க" என்றேன். "பயந்திருப்பாங்க, தலைப்பக்கம் உயர்த்தி வைங்க, பார்த்துக்கோங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான்கு மணிக்கு ஆக்சிஜன் 86, அப்புறம்தான் எல்லோரும் ஓடி வந்தார்கள். நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. அந்த அம்மா பிழைத்து வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆனால் மறுநாள் தெரிந்ததுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. முந்தின நாள் மதியமே பிசியோதெரபிஸ்ட் அவருடைய கெண்டைக்கால் ஒரு பக்கம் வீங்கி வலிக்கிறது என்று தன் தாளில் எழுதியிருக்கிறார். காலில் ரத்தம் உறைந்திருக்கலாம் என்பதற்கான அறிகுறி அது, அந்தக் கட்டிதான் நுரையீரலுக்குப் போய் அடைக்கும். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசி அறுவைக்குப் பிறகு மறுபடி எழுதப்படவே இல்லை என்று பார்மசிஸ்ட் மருந்துச் சீட்டில் குறிப்பு வைத்திருக்கிறார். மூச்சு ஏறுவது எனக்குத் தெரியும். மூன்று பேரிடம் மூன்று துண்டு, சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை. நான் எப்படிச் சொல்லியிருக்க வேண்டும்?

முப்பதுவருடம் எழுதியது:

முதலில் ஒன்று, தங்கை. நீ கண்டுபிடித்தது சரி, போன் செய்ததும் சரி. ஆனால் "கொஞ்சம் சரியில்லை" என்ற சொல்லை தூக்கத்திலிருந்து எழுந்தவர் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எண்ணுக்கு அந்த வசதி இல்லை.

நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று மூச்சு, நாடி மாதிரி அளவுகளுக்கு மதிப்பெண் போட்டுப் பார்க்கும் நியூஸ்2 (NEWS2) என்ற முறையில் நீ கொடுத்த எண்களைப் போட்டுப் பார்த்தேன். மூச்சு 26க்கு 3, ஆக்சிஜன் 93க்கு 2, நாடி 112க்கு 2, மொத்தம் 7. ஏழு வந்தால் அவசர நிலை, உடனே மூத்த மருத்துவர் பார்க்க வேண்டும் என்பதுதான் அந்த முறை. நள்ளிரவிலேயே மூச்சு 22க்கு 2 வந்திருக்கும்.

எஸ்பார் (SBAR) என்று ஒரு பேசும் முறை உண்டு. அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிகளில் தகவல் சொல்லப் பயன்பட்ட முறையிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்தது. நிலைமை, பின்னணி, என் மதிப்பீடு, எனக்கு என்ன வேண்டும் என்று நாலே படி. உன் கதையில் இப்படி இருக்கும்: "டாக்டர், வார்டு நர்ஸ் பேசுகிறேன். ஒரு பேஷண்டின் மதிப்பெண் 7. இடுப்பு மாற்று முடிந்து மூன்றாம் நாள், சாயங்காலம் 18 இருந்த மூச்சு இப்போது 26, ஆக்சிஜன் 97லிருந்து 93. நுரையீரலில் ஏதோ நடக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்."

கடைசி வரியில்தான் நம்மில் பெரும்பாலோர் தடுமாறுவோம். நிலைமையை அழகாகச் சொல்லிவிட்டு, வாருங்கள் என்று மட்டும் சொல்லாமல் அவரே புரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுவோம். எனக்கு அதைச் சொல்ல வாய் வர ஐந்தாறு வருடம் ஆயிற்று.

டியூட்டிரூம் எழுதியது:

நான் மருத்துவர். "பார்த்துக்கோங்க" என்ற அதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன். இரவில் போன் வரும்போது இன்னொரு வார்டில் கை வேலையாக இருக்கும். முதல் வரியிலேயே எண்ணும் "வாருங்கள்" என்பதும் வந்தால் எதை நிறுத்திவிட்டு எங்கே ஓடுவது என்று தீர்மானிக்க முடியும்.

ஆனால் மேலே சொன்னவரோடு ஒரு இடத்தில் ஒத்துப்போக முடியவில்லை. எல்லாப் பொறுப்பையும் நர்ஸ் பேசும் விதத்தின் மேல் வைப்பது நியாயமில்லை. "மூச்சு எத்தனை, காலையில் எத்தனை இருந்தது?" என்று திருப்பிக் கேட்டிருக்க வேண்டியது அந்த மருத்துவர். சொன்னதைக் கேட்டவர் ஒருமுறை திருப்பிச் சொல்வது, எப்போது மறுபடி கூப்பிட வேண்டும் என்று எண்ணோடு சொல்வது, இவை அவருடைய கடமை. "பார்த்துக்கோங்க" என்பதில் இது எதுவும் இல்லை. இனி அப்படி யாராவது சொன்னால், "எவ்வளவு இறங்கினால் கூப்பிடட்டும் டாக்டர்?" என்று அங்கேயே கேளுங்கள். பதில் வாங்காமல் போனை வைக்காதீர்கள்.

மயக்கவியல்நர்ஸ் எழுதியது:

எலைன் பிரோமிலி என்ற பெண்ணுக்கு 2005இல் இங்கிலாந்தில் நடந்தது நினைவுக்கு வருகிறது. சைனஸுக்கான சாதாரண அறுவை. மயக்க மருந்து கொடுத்த பிறகு மூச்சுக்குழாய்க்கு வழி கிடைக்கவில்லை. அனுபவமுள்ள மூன்று மருத்துவர்கள் அறையில் இருந்தார்கள், குழாயை வாய்வழியாக விடுவதிலேயே முயன்றுகொண்டிருந்தார்கள். ஒரு நர்ஸ் கழுத்தில் துளையிடும் கருவிகளைக் கொண்டுவந்து, தயாராக இருக்கிறது என்று சொன்னார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை கேட்டார், அவரைப் பார்த்த பார்வையில் தான் மிகைப்படுத்துகிறோமோ என்று நினைத்து அதை ரத்து செய்தார். எலைன் 13 நாள் கழித்து இறந்தார். விமானியான அவருடைய கணவர் மார்ட்டின், இந்த மாதிரிக் குழுத் தவறுகள் மருத்துவத்தில் குறைய வேண்டும் என்று 2007இல் ஒரு அமைப்பே தொடங்கினார்.

கருவி கையில் இருந்தது, சொல்லவும் செய்தார்கள். ஆனால் கேட்கும் அளவுக்கு அழுத்திச் சொல்ல அவர்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அதனால்தான் எங்கள் பிரிவில் மூன்று வாக்கியங்களைப் பழக்கியிருக்கிறோம்: "எனக்குக் கவலையாக இருக்கிறது", "இது எனக்குச் சரியாகப் படவில்லை", "இது நோயாளியின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது". ஒன்றுக்கு பதில் வரவில்லை என்றால் அடுத்ததற்குப் போக வேண்டும். மூன்றாவது வாக்கியம் வந்தால் அறையில் யாராக இருந்தாலும் கையை நிறுத்த வேண்டும் என்பது ஒப்பந்தம். அதற்கும் அசையவில்லை என்றால் அவருக்கு மேலே இருப்பவருக்கு போன், அதற்கு யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

நடக்கவைப்பவர் எழுதியது:

பிசியோதெரபிஸ்ட். இந்தக் கேள்வியைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் அந்தத் தாளில் எழுதிவிட்டுப் போனவராக நானும் பல நாள் இருந்திருக்கிறேன். எழுதிவிட்டால் சொல்லியாகிவிட்டது என்று ஒரு நினைப்பு. பிசியோ தாளை பிசியோ தவிர யாரும் புரட்டுவதில்லை.

இப்போது கெண்டைக்கால் வீக்கம், நடக்கும்போது மூச்சு முட்டுவது, திடீர்க் குழப்பம் மாதிரி எதைப் பார்த்தாலும் எழுதுவதற்கு முன்பே அந்தப் படுக்கையைப் பார்க்கும் நர்ஸைத் தேடிப் போய் வாயால் சொல்கிறேன். அவரும் "கெண்டைக்கால் வீக்கம், இடது பக்கம், சரி" என்று திருப்பிச் சொல்வார். அப்புறம் காலையில் பத்து நிமிடம் நர்ஸ், டாக்டர், பார்மசிஸ்ட், நான் எல்லோரும் நின்றபடியே பேசுகிறோம். ஒவ்வொருவரும் "இன்று எனக்கு யாரைப் பற்றி பயம்" என்று மட்டும் சொன்னால் போதும். இரண்டு பேர் ஒரே படுக்கை எண்ணைச் சொன்னால் டாக்டர் முதலில் அங்கேதான் போவார்.

இரவுவார்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டாக்டர் சொன்ன "எவ்வளவு இறங்கினால் கூப்பிடட்டும்" என்ற கேள்வியை நேற்று இரவே கேட்டேன். ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, 92க்குக் கீழே போனாலோ மூச்சு 24 தாண்டினாலோ கூப்பிடுங்கள் என்றார். அதைக் கேஸ் ஷீட்டில் நேரத்தோடு எழுதிவைத்தேன். காலைக் கூட்டத்துக்கு எங்கள் பெரிய டாக்டர் நேரம் ஒதுக்குவாரா என்று தெரியவில்லை, ஆனால் பார்மசிஸ்டும் பிசியோவும் சம்மதித்துவிட்டார்கள். திங்கட்கிழமை முதல் நாங்கள் மூன்று பேரும் மட்டுமாவது நிற்கப் போகிறோம்.