வண்டியின் மேல் படியும் வெள்ளைத் தூளுக்கு என்ன சொல்?

அனுப்புநர்: கையேட்டை மொழிபெயர்ப்பவர்

எல்லோருக்கும் வணக்கம்.

மோட்டார் ஹோம் பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மின்கலம், தண்ணீர்த் தொட்டி, எரிவாயு அடுப்பு எல்லாம் ஒருவழியாக முடிந்தன. வண்டியின் வெளிப்புறத்தைக் கழுவிப் பளபளப்பாக்கும் அத்தியாயத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறேன். (மோட்டார் ஹோமுக்கே என்ன சொல் என்று தயவுசெய்து இந்த இழையில் ஆரம்பிக்க வேண்டாம். மனையுந்தா இல்லவூர்தியா என்று போன தடவை பேசியது இன்னும் ஆறவில்லை. இப்போதைக்கு ‘வீட்டு வண்டி’ என்று எழுதியிருக்கிறேன்.)

சிக்கல் இதுதான். நான் எழுதிய ஒரு வரி: “மெழுகு பூசும் முன் ஆக்சிஜனேற்றத்தை முழுமையாக நீக்கவும்.” படித்துப் பார்த்த தோழி கேட்டாள்: “ஏற்றம் என்பது நடந்து முடிந்த வினை. நடந்து முடிந்ததை எப்படி நீக்குவது?” என்னிடம் பதில் இல்லை. மூலத்தில் ஆக்சிடேஷன் என்ற ஒரே சொல், வினையையும் குறிக்கிறது, அந்த வினையால் வண்டிச் சுவரில் படிந்திருக்கும் வெள்ளைத் தூளையும் குறிக்கிறது. தமிழில் அது ஒட்டவில்லை. அந்தத் தூளுக்கு, அல்லது தூள் படிந்த நிலைக்கு, ஒரு தனிச் சொல் வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. பாலிஷுக்கு ‘மெருகு’ என்றும் வேக்ஸுக்கு ‘மெழுகு’ என்றும் எழுதி வந்தேன். பிழை திருத்தும்போது பார்த்தால் மூன்று இடத்தில் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. ஆனால் வேலை நேர் எதிர்: ஒன்று பூச்சைத் துளி சுரண்டி எடுப்பது, மற்றது பூச்சின் மேல் ஒரு படலம் சேர்ப்பது. வாசகர் மாற்றிப் படித்தால் வண்டிக்குத்தான் சேதம்.

—

அனுப்புநர்: வேதியியல் படித்தவர்

சகோதரி, உங்கள் தோழி சொன்னது சரி. ஆக்சிஜனேற்றம் (இலங்கைப் பாடநூலில் ஒட்சியேற்றம்) வினையின் பெயர். அதை வினைக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

நடப்பது என்ன என்று சுருக்கமாகச் சொல்கிறேன், சொல் தேட உதவும். பல வீட்டு வண்டிகளின் சுவர் கண்ணாடியிழைத் தகடு. அதன் வெளி முகத்தில் ஜெல்கோட் என்ற பூச்சு இருக்கும். பாலியெஸ்டர் பிசினில் நிறமியைக் கலந்தது. சுமார் அரை மில்லிமீட்டர் கனம். வெயிலின் புற ஊதாக் கதிரும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து மேற்பரப்பில் இருக்கும் பிசினைத் துண்டு துண்டாக உடைக்கின்றன. பிசின்தான் நிறமித் துகள்களைப் பிடித்து வைத்திருந்தது. பிடி விட்டதும் துகள்கள் தனியாகி நிற்கின்றன. கையால் தடவினால் வெள்ளையாக ஒட்டுவது அதுதான்.

ஆகவே ‘படிந்த தூள்’ என்று நீங்கள் எழுதியதே தவறு. எதுவும் மேலேயிருந்து வந்து படியவில்லை. பூச்சேதான் தூளாகியிருக்கிறது. இது துருவும் இல்லை; இரும்பு எதுவும் இதில் சம்பந்தப்படவில்லை.

சில வண்டிகளில் காரைப் போலவே நிறப் பூச்சும் அதன் மேல் தெளிபூச்சும் இருக்கும். அந்தத் தெளிபூச்சு ஜெல்கோட்டில் பத்தில் ஒரு பங்கு கனம்தான். அது கெட்டால் பெரும்பாலும் இப்படித் தூளாகாது. மங்கிப் போய், பிறகு செதில் செதிலாக உரியும். அதற்கு ‘உரிதல்’ போதும், புதுச் சொல் வேண்டாம்.

—

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா, வணக்கம். புதிதாக எதற்குப் படைக்க வேண்டும்? செம்பில் ஏறுவதற்குக் ‘களிம்பு’ என்ற சொல் நம்மிடம் காலங்காலமாக இருக்கிறது. உலோகம் காற்றோடு சேர்ந்து கெட்டு, மேலே ஒரு படலம் எழுவதுதான் களிம்பு. ‘பூச்சுக் களிம்பு’ என்று வைத்துக்கொண்டால் பொருள் நேராகப் பொருந்தும். “களிம்பை நீக்கிய பின் மெழுகு பூசவும்.” கேட்க நன்றாக இருக்கிறதல்லவா?

பாலிஷுக்கு ‘ஒப்பம்’ என்ற பழஞ்சொல் உண்டு. ஒப்பமிடுதல் என்றால் மெருகிடுதல். மெருகு, மெழுகு குழப்பமும் அதோடு தீரும்.

—

அனுப்புநர்: வண்டி கழுவுபவர்

ஐயா, மன்னிக்கணும். களிம்பு என்றால் இன்று எல்லோரும் மருந்துக் கடையில் வாங்கும் குழாயைத்தான் நினைப்பார்கள். “பூச்சுக் களிம்பு” என்று எழுதினால் அது பூச வேண்டிய பொருள் என்று நினைத்து மேலே கொண்டுபோய் அப்பிவிடுவார்கள். நீக்கச் சொன்னதை நீங்களே பூசச் சொன்ன மாதிரி ஆகிவிடும். ஒப்பமும் அப்படித்தான். “வண்டி முழுவதும் ஒப்பமிடவும்” என்றால் பேனாவை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள்.

அக்கா, நான் கலைச்சொல் ஆள் இல்லை, கை வேலை செய்பவன். வேலை எப்படி நடக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். கூரையிலிருந்துதான் தொடங்க வேண்டும். சுவரை முதலில் கழுவினால் கூரை அழுக்கு ஒழுகி வந்து அத்தனையும் வீண். முதலில் நிறையத் தண்ணீர் விட்டு அலசல், மண் போகிற வரைக்கும். அப்புறம்தான் சோப்பு நீரும் துணியுறையும். இரண்டு வாளி: ஒன்றில் சோப்பு நீர், மற்றதில் துணியை அலச வெறும் தண்ணீர். வாளிக்குள் அடியில் சல்லடை மாதிரி ஒரு தட்டு போடுவோம், மண் கீழே தங்கிவிடும், துணியோடு மேலே வராது. அழுத்தத் தண்ணீர்க் குழாயைச் சன்னல் விளிம்பிலும் ஸ்டிக்கர் ஓரத்திலும் கிட்டக் கொண்டுபோனால் கசிவுதான், உரிதல்தான். வெயிலில் சூடேறிய சுவரில் சோப்பு போடவே கூடாது, காய்ந்து திட்டாகிவிடும்.

கழுவித் துடைத்த பிறகு கறுப்புத் துணியால் சுவரில் ஒரு தேய். துணி வெளுத்தால் அதுதான் நீங்கள் கேட்கும் சமாச்சாரம். இன்னொரு அடையாளம்: சுவர் ஈரமாக இருக்கும்போது புது வண்டி மாதிரி நிறம் எடுக்கும், காய்ந்ததும் மறுபடி சாயம் போன சட்டை மாதிரி ஆகிவிடும். நிறைய பேர் ஈரத்தில் பார்த்து ஏமாந்து, மேலே நேராக மெழுகைப் பூசிவிடுவார்கள். நானே முதல் வண்டியில் அப்படிச் செய்தேன். சில வாரம் மின்னியது. பிறகு மெழுகோடு சேர்ந்து திட்டுத் திட்டாக வெளுத்தது. மெழுகு தூளின் மேல் உட்கார்ந்திருந்தால் எத்தனை நாள் நிற்கும்? எல்லாவற்றையும் மறுபடி தேய்த்து எடுக்க முழுதாக இரண்டு நாள் போனது.

நாங்கள் இதற்குத் தனியாகப் பெயரெல்லாம் வைக்கவில்லை. “மாவு மாதிரி பூத்திருக்கு” என்போம். அவ்வளவுதான்.

—

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி, களிம்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒப்பத்தையும்தான், பேனாவோடு நிற்பவரை நினைத்து நேற்றெல்லாம் சிரித்தேன். ஆனால் நீங்கள் போகிற போக்கில் சொன்ன கடைசி வரியை விட மாட்டேன்.

பூத்திருக்கு! வேதியியல் நண்பர் என்ன சொன்னார்? வெளியிலிருந்து வந்து படியவில்லை, உள்ளிருந்தே வந்தது என்றார். அதைத் தமிழில் ‘படிதல்’ என்ற வினை சொல்லாது, ‘பூத்தல்’ சொல்லும். தூசு படியும். ஆனால் சுவரில் உப்புப் பூக்கும், உடம்பில் வியர்வை பூக்கும், தணலில் நீறு பூக்கும். ‘நீறு பூத்த நெருப்பு’ என்று சொல்லாதவர் யார்? நெருப்பின் மேல் யாரும் சாம்பலைக் கொண்டுவந்து கொட்டவில்லை. எரிகிற கட்டையே மேற்பரப்பில் நீறாகிறது; ஊதினால் உள்ளே கனல் அப்படியே இருக்கிறது. தம்பியின் ஜெல்கோட்டும் அதே கதைதானே: மேலே வெளுத்த தூள், தேய்த்தால் அடியில் பழைய நிறம்.

ஆகவே என் முன்மொழிவு: நிலைக்கு ‘நீறுபூத்தல்’, தூளுக்கு ‘பூச்சுநீறு’. நீறு என்றால் சாம்பல் மட்டுமன்று. நீற்றிய சுண்ணாம்புக்கும் புழுதிக்கும் அந்தச் சொல் உண்டு; சுண்ணாம்புக் காளவாய்க்கு நீற்றறை என்று பெயர்.

இந்த நீற்றைத் தேய்த்து எடுக்கும் பசைக்கு, காம்பவுண்ட் என்கிறார்களே, ‘சாணைப்பசை’ என்று வைக்கலாம். அதில் என்ன அரைபொருள் (தேய்த்து அரைக்கும் துகள்) சேர்க்கிறார்கள் என்று நண்பர் சொன்னால் இன்னும் நன்றாக யோசிக்கலாம்.

—

அனுப்புநர்: வேதியியல் படித்தவர்

ஐயா, பலவற்றில் அலுமினியம் ஆக்சைடு. அதன் இயற்கைக் கனிமம் குருந்தம். வைரத்துக்கு அடுத்த கடினம், மோஸ் அளவில் 9. ஆங்கிலத்துக்குப் போய் ‘கொரண்டம்’ ஆனது நம்முடைய குருந்தம்தான் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ‘குருந்தப்பசை’ என்று எழுத எனக்கே கை துறுதுறுக்கிறது. ஆனால் எல்லாப் பசையிலும் குருந்தம் இருக்காது, வேறு அரைபொருளும் இருக்கும். பொதுப் பெயராகச் ‘சாணைப்பசை’யே பாதுகாப்பு.

நீறுபூத்தலுக்கு ஓர் ஐயம். சாம்பல் என்று படித்துவிட்டு, வண்டி தீப்பிடித்ததா என்று யாராவது கேட்டால்?

—

அனுப்புநர்: வண்டி கழுவுபவர்

தீப்பிடித்த வண்டியை யாரும் மெழுகு பூச எடுத்து வர மாட்டார்கள் அண்ணா.

எனக்கு வேறு சந்தேகம். சில வண்டிகளுக்குக் கூரை ஈபிடிஎம் ரப்பர். அதுவும் வெயிலில் இதே மாதிரி வெளுத்துத் தூள் விடும். மழையில் கரைந்து சுவரில் வெள்ளைத் தாரையாக இறங்கும். அதையும் நீறுபூத்தல் என்றால், படிப்பவர் சாணைப்பசையை எடுத்துக்கொண்டு கூரைக்கு ஏறிவிட மாட்டாரா? ரப்பர் கூரைக்குத் தேய்ப்பு வேலையே கிடையாது. மென்மையான சோப்பு, நடுத்தர பிரஷ், நிறையத் தண்ணீர், அவ்வளவுதான். பெட்ரோலியம் கலந்த எதையும் அதன் மேல் விடக் கூடாது, ரப்பர் உப்பிவிடும். ஈர ரப்பர் வழுக்கும் என்பதையும் பெரிய எழுத்தில் போடுங்கள்.

—

அனுப்புநர்: கையேட்டை மொழிபெயர்ப்பவர்

ஐயா, நீறுபூத்தலை எடுத்துக்கொண்டேன். நான் முதல் மடலில் ‘படிந்திருக்கும்’ என்று எழுதியதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர் என்று இப்போது தெரிகிறது. படிந்தது என்று சொன்னால் வாசகர் சோப்பைப் போட்டுக் கழுவினால் போகும் என்று எதிர்பார்ப்பார். பூத்தது என்று சொன்னால், பூச்சிலிருந்தே வந்தது, மேல் தோலைச் சற்று தேய்த்து எடுத்தால்தான் தீரும் என்பது வினையிலேயே வந்துவிடுகிறது. ‘பூச்சுநீறு’ மட்டும் வேண்டாம் என்று நினைக்கிறேன். ‘நீறு’ தனியாகவே நிற்கும். பூச்சு, பூப்பு, பூசு என்று ஒரே பத்தியில் அத்தனை ‘பூ’ வந்தால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

ரப்பர் கூரைக்கும் அதே சொல்லைத்தான் வைக்கப் போகிறேன். நடப்பது ஒரே நிகழ்வு, மருத்துவம்தான் வேறு. காய்ச்சல் ஒன்றுதானே, எல்லோருக்கும் ஒரே மாத்திரையா கொடுக்கிறோம்? கூரைப் பகுதியில் “இங்கே நீற்றைக் கழுவ மட்டும் செய்யவும், தேய்த்து எடுக்க வேண்டாம்” என்று தனியாக ஒரு வரி போட்டுவிடுகிறேன்.

மெருகு, மெழுகு விவகாரத்தில் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன், எதிர்ப்பு இருந்தால் சொல்லுங்கள். பாலிஷ் செய்வதைத் ‘துலக்குதல்’ என்கிறேன். பாத்திரம் துலக்குகிறோம், பல் துலக்குகிறோம். தேய்த்து எடுத்துப் பளிச்சிட வைப்பது என்று எல்லோருக்கும் தெரியும். வேக்ஸ் எப்போதும் ‘மெழுகு’. ‘மெருகு’ என்பதை எந்த வேலைக்கும் பெயராக வைக்காமல், கடைசியில் சுவரில் தெரியும் பளபளப்புக்கு மட்டும் ஒதுக்கிவிட்டேன். சாணைப்பசையால் தேய்த்து, பிறகு துலக்கி, பிறகு மெழுகு பூசினால் மெருகு வரும். இப்போது அச்சுப்பிழை வந்தாலும் வாக்கியமே காட்டிக்கொடுத்துவிடும்.

ஜெல்கோட் ஜெல்கோட்டாகவே இருக்கட்டும். ‘கூழ்மப்பூச்சு’ என்று தனி மடலில் ஒருவர் அனுப்பியிருந்தார். கூழ்மம் ஏற்கெனவே வேறொரு வேதியியல் பொருளில் பாடநூலில் புழங்குகிறது, அதை இங்கே இழுக்க வேண்டாம். வாளிக்குள் போடும் தட்டுக்கு ‘வண்டல் தட்டு’. சன்னல் ஓரத்திலிருந்து இறங்கும் கறுப்புக் கோடுகளுக்கு ‘ஒழுகல் கறை’. இரண்டுக்கும் யாரும் சண்டைக்கு வர மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

திருத்திய வரி: “கறுப்புத் துணியால் தேய்த்துப் பார்க்கவும். துணி வெளுத்தால் சுவர் நீறுபூத்திருக்கிறது. நீறு இருக்கும்போது மெழுகு பூச வேண்டாம்.”

தம்பி, ஒரு உதவி. உங்களோடு வேலை செய்பவர் யாரிடமாவது, எதையும் விளக்காமல், இந்தச் சொல்லை மட்டும் சொல்லிப் பார்க்க முடியுமா?

—

அனுப்புநர்: வண்டி கழுவுபவர்

அக்கா, இன்று காலை சொல்லிப் பார்த்தேன். புதிதாகச் சேர்ந்த பையன், இந்தப் பேச்சு எதுவும் தெரியாது. “சுவர் நீறுபூத்திருக்கா பாரு” என்றேன். ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் நேராகப் போய் வெயில் படும் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்து, கையைத் திருப்பிக் காட்டினான், வெள்ளை.

ஆனால் ஐயாவிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். மதியத்துக்குள் அவன் நீறை விட்டுவிட்டான். பின்பக்கத்திலிருந்து கத்துகிறான்: “அண்ணே, இந்தப் பக்கம் பூக்கலண்ணே, நேரா மெழுகு போட்டுடலாமா?”